ஒரு மில்லி

எனக்கு அவர்களின் முகம் தெரியாது.
மாடியிலிருந்து குப்பிகள் வரும்,
பிளாஸ்திரியில் தாயின் பெயர்:
லின்னெஸ் கயிராவின் குழந்தை.
எஸ்னார்ட்டின் குழந்தை, இரட்டையில் இரண்டாவது.
உள்ளே ஒரு மில்லி ரத்தம்.
தொள்ளாயிரம் கிராம் உடம்புக்கு
ஒரு மில்லி சின்னக் கடன் அல்ல.

ம்சூசூவில் அது மழைக்காலம்.
மின்சாரம் போய்ப் போய் வந்தது.
மாடியில் இருப்பதன் பெயரும் இன்குபேட்டர்,
என் மேசையருகே இருப்பதன் பெயரும் இன்குபேட்டர்;
ஏறக்குறைய ஒரே சூடு.
அங்கே வளர வேண்டியது வளரவில்லை.

தட்டில் இளஞ்சிவப்பாய்
ஊறிப் பளபளத்து நின்றது கிளெப்சியெல்லா.
வளையத்தால் தொட்டு இழுத்தேன்.
ஒற்றைக் கம்பிப் பதம்.
அறாமல் வந்தது.

மருந்துவில்லைகளைத் தட்டில் பரப்பிவிட்டு
விடியும்வரை காத்திருப்பது என் தொழில்.
மருந்து கேட்டால்
வில்லையைச் சுற்றி வெட்டவெளி விழும்,
நிலா கோட்டை கட்டுவதுபோல.
கிட்டக் கோட்டை எட்ட மழை,
எட்டக் கோட்டை கிட்ட மழை.
இங்கே கோட்டையே இல்லை.
பூட்டிய அலமாரியில்
ஆறே ஆறு குப்பி மிச்சமிருந்த மெரோபெனம்,
அதன் விளிம்புவரை வந்து
சொந்த வாசலில் படுப்பதுபோல்
படுத்துக் கிடந்தது கிருமி.

டாக்டர் போனில் கேட்டார்: வேறு எது?
தட்டைத் திருப்பிப் பார்த்தேன்,
பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்குமோ என்பதுபோல.

பதினோரு நாளில் ஏழு தட்டு.

பஞ்சுக்குச்சிகளோடு முதல்முறை மாடி ஏறினேன்.
ஒரே வார்மரில் மூன்று பேர்,
தலையும் காலும் மாற்றி மாற்றி.
கம்பளித் தொப்பிகள் ஆரஞ்சுப்பழ அளவு.
கதவுக் கைப்பிடி, சளி உறிஞ்சும் குழாய்,
ஆக்சிஜன் குமிழியிடும் போத்தல்,
பால் பீய்ச்சும் கோப்பைகள்,
கைகள், இருபத்திரண்டு சோடி.
தவோங்கா ம்ஹாங்கோவின் கைகள்
முழங்கைவரை வெடித்திருந்தன.
அந்த வார்டில் அவளைப்போல் கழுவியவர் இல்லை.
சுவரில் அவளே எழுதி ஒட்டிய தாள்:
தொடுமுன் கழுவு. தொட்டபின் கழுவு.

எல்லாக் குச்சியும் வெறுமை காட்டின,
ஒன்றைத் தவிர.
அந்தத் தாளுக்கு நேர் கீழே, தொட்டி.
அதன் வடிகுழாயில்
விரல் நுழையாத வளைவில் இருந்தது,
அதே கம்பிப் பதத்தில்.
குழாயைத் திறக்கும்போதெல்லாம்
தண்ணீர் அடியில் மோதி மேலெழுந்து
கழுவிய கையிலேயே தெறித்திருக்கிறது.

அவளிடம் நான்தான் சொன்னேன்.
“ஷிஃப்டுக்கு நாற்பது தடவை கழுவுவேன்” என்றாள்.
மனக்கணக்கு போடத் தொடங்கி
பாதியில் நிறுத்தினாள்.
தாளை ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தாள்,
சுண்ணாம்பும் கூடவே வந்தது.

தொட்டியைப் பிடுங்கினார்கள்.
சுவரில் ஈரமாய் ஒரு சதுரம்.
மூடிபோட்ட வாளி ஒன்று வந்தது, அடியில் திருகு.
எட்டாவது குப்பியும் வந்தது.
அப்புறம் வரவில்லை.
எஸ்னார்ட்டின் இரண்டாவது பிள்ளை
சிதெஞ்சேத் துணிக்குள் மார்போடு ஒட்டி வீடு போனது.
ஏன் அது மட்டும் என்று
எந்தத் தட்டிலும் பதில் இல்லை.

மழை விட்டபின் ஒருநாள்
ஆய்வகச் சன்னலில் லின்னெஸ் கயிரா.
பெயரை அவள் சொன்னபோது
கையெழுத்தைக் கேட்பதுபோல் இருந்தது.
“பிள்ளையிடம் எடுத்த ரத்தத்தைத் தாருங்கள்.
அது இல்லாமல் புதைத்துவிட்டோம்.
பெயர்தான் வைக்கவில்லை,
உடம்பாவது முழுசாக இருக்கட்டும்.”

ரத்தம் எப்போதோ உலையில் எரிந்துவிட்டது.
என் முதுகுக்குப் பின்னால்
மைனஸ் எண்பதில்
விரற்கணு அளவு ஒரு குப்பி இருக்கிறது.
மேலே அவள் பெயர்.
உள்ளே உறங்குவது அவள் பிள்ளை அல்ல.
சூடு காட்டினால் ஓரிரவில் எழுந்துவிடும்.

“ஒரு நிமிடம்,
கை கழுவிவிட்டு வருகிறேன்” என்றேன்.
உள்ளே போய்க்
குழாயைத் திறக்காமல் நின்றேன்.